முப்பத்தெட்டு திருப்தி

பஸ்ஸில் ஒருத்தன் நம் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் ‘பரவாயில்லை’ என்கிறோம். வலிக்கவில்லை என்றா அதற்கு அர்த்தம்? வலிக்கத்தான் செய்கிறது, உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அர்த்தம். தமிழ் பேசுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரியாததுபோல் நடித்து, காகிதத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்ட ஒரே ஆள் துபாஷிதான்.

துபாஷி என்பது துடைப்புக் கூடத்துப் பெண்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். அவனுக்கு இரண்டு பாஷை தெரியும். ஒன்று நம் பாஷை. இன்னொன்று, போனின் முதுகில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிற கம்பெனியின் பாஷை. அந்தக் கம்பெனி கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறது. போனுக்கு முகமாக ஒட்டுகிற கண்ணாடியை இங்கே இருக்கிற ஆலை துடைத்துக் கொடுக்கிறது. ஏதாவது கேட்டால், ‘அது எங்கள் ஆலை இல்லை, எங்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்களின் ஆலை’ என்பார்கள். லாபம் வரும்போது பெற்ற பிள்ளை, பழி வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை!

கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. கண்ணாடியில் தூசி படியக் கூடாதாம். மனுஷி மூச்சு விடலாமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முதலில் துடைக்க ஸ்பிரிட் கொடுத்தார்கள். அது காய நேரம் ஆகிறது என்று நீல டிரம்மில் வேறொரு மருந்து வந்தது. விஷத்துக்கும் மருந்து என்றே பெயர் வைக்கிற நல்ல ஜனங்கள் நாம். அந்த மருந்து கண்ணாடியில் பட்டதும் காய்ந்துவிடும். ஒரு ஷிப்டில் இரண்டு மடங்கு கண்ணாடி துடைக்கலாம். நாலாவது மாதம் பெண்களின் விரல் நுனி மரக்கத் தொடங்கியது. ஏழாவது மாதம் பாதம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இங்கே கண்ணாடியால்தான் கையே போனது.

அந்தக் கூடத்தில் துபாஷியின் அக்காவும் இருந்தாள். கூடப் பிறந்த அக்கா. அப்பா அம்மா போன பிறகு, பதினாறு வயதிலிருந்து வேலைக்குப் போய் இவனை வளர்த்தவள். இரண்டாவது பாஷையைக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் இவனைச் சேர்க்க எத்தனை படி ஏறினாளோ, இப்போது வீட்டு வாசலில் இருக்கிற மூன்று படி ஏறவே சுவரைப் பிடித்தாள். செருப்பு கழன்று போனது தெரியாமல் ஒரு நாள் மூன்று தெரு ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தாள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி, தோல் வெந்த நாற்றம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். சட்டைப் பொத்தானை இவன்தான் போட்டுவிடுவான். நரம்பு போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். இப்போதே அந்த மருந்தை விட்டு விலகி ஒழுங்காக வைத்தியம் செய்தால் கொஞ்சம் திரும்ப வரும், இன்னும் இரண்டு வருஷம் போனால் நடக்க முடியாது என்றும் சொன்னார்.

இதெல்லாம் தெரிந்தவன் என்ன செய்தான் என்று கேளுங்கள்.

போன வருஷம் கடலுக்கு அப்பாலிருந்து தணிக்கை வந்தது. கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் ஒரு மேஜை போட்டார்கள். தணிக்கைக்காரம்மா ஒரு பக்கம், துபாஷி ஒரு பக்கம், வாசலில் கை கட்டியபடி சூப்பர்வைசர். தொழிலாளி மனம் விட்டுப் பேச வேண்டுமாம், அதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். தாளில் மூன்று கட்டம்: நன்று, திருப்தி, மோசம். அதற்குக் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கோடு. முப்பத்தெட்டுப் பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். நம்ம அக்காவோட தம்பிதானே உட்கார்ந்திருக்கான், நம்ம கஷ்டத்தை நாசூக்கா எடுத்துச் சொல்லிடுவான் என்று நம்பினார்கள். சூப்பர்வைசர் காதில் விழாமல் இவன் காதில் மட்டும் விழும்படி, ஒரு இழுப்பு இழுத்து, கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியும் அந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள். “பரவாயில்லைங்க…”

அந்த இழுப்பில் ஒரு வருஷத்துக் கதை இருந்தது. இவனுக்கு அது கேட்கத்தான் செய்தது. கேட்டுவிட்டு, திருப்தி என்ற கட்டத்தில் டிக் போட்டான். குறிப்புக் கோடு முப்பத்தெட்டு தடவையும் வெறுமையாகவே கிடந்தது. பன்னிரண்டாவதாக அக்கா வந்தாள். தம்பியை முன்பின் பார்த்திராதவள்போல், “பரவாயில்லைங்க” என்றாள். தூக்கி வளர்த்த தம்பிக்கே ‘ங்க’ போட்டாள்! பன்னிரண்டாம் தாளிலும் அதே டிக் விழுந்தது. நரம்பு போனது அவள் கையில். நரம்பில்லாமல் பேசியது இவன் நாக்கு.

‘இந்த ஆலையில் எனக்கு உறவினர் யாரும் இல்லை’ என்று ஒரு உறுதிமொழித் தாளும் இருந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டான். போடாவிட்டால் அந்த வேலை வேறு ஒருவனுக்குப் போய்விடும் அல்லவா? தவிர, தணிக்கைக்காரம்மாவுக்கு உதவியாக இரண்டு பாஷைச் சொல்பட்டியல் ஒன்றும் அவனே தயாரித்துக் கொடுத்தான். அதில் பரவாயில்லைக்கு நேராக ‘திருப்தி’ என்று இருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று அவனைப் பாராட்டிக் கடிதம்கூட வந்தது.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் மூலமாக, கம்பெனியின் சொந்த நாட்டிலேயே ஒரு வக்கீலைப் பிடித்துப் புகார் கொடுத்தார்கள். அங்கே நாலு பத்திரிகை எழுதியதும் கம்பெனிக்கு மனித உரிமை ஞாபகம் வந்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சுதந்திரமான விசாரணைக் குழு என்று மூன்று பேரை நியமித்தார்கள். சம்பளம், விமான டிக்கெட், ஹோட்டல் அறை எல்லாம் கம்பெனி கொடுத்தது. சுதந்திரத்தை மட்டும் அவர்களே எடுத்துவர வேண்டும். புகாரில் விஷயம் இருக்கிறது என்று குழு சொன்னால் மருந்தை நிறுத்த வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லை என்று சொன்னால் கோப்பை மூடிவிடலாம், நீல டிரம் வந்துகொண்டே இருக்கும், அக்காவின் கால் அவ்வளவுதான். கம்பெனியின் கையில் இருந்த ஒரே கேடயம் அந்த முப்பத்தெட்டு தாள்.

பேசுவதற்கு ஒருத்தி போதும், பெண்கள் பக்கம் வக்கீல் தேவையில்லை என்றது குழு. பெண்கள் அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்குத்தான் வாய் தெளிவு, காலும் மோசம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே? கம்பெனி பெருந்தன்மையாகத் தன் ஆளையே கொடுத்தது. யார் அந்த ஆள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஏற்பாடு செய்தவள் பொறுப்பு மேடம். கம்பெனியின் பொறுப்புத் துறைத் தலைவி என்று அவள் அட்டையில் அச்சடித்திருந்தது. பொறுப்பு அந்த அட்டையைத் தாண்டி வெளியே வந்ததில்லை. துபாஷியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்கள் எழுதியதைத்தான் நாங்கள் நம்பினோம், எழுதியபடியே பேசிவிடுங்கள் என்று இனிமையாகச் சொன்னாள். விசாரணை நல்லபடியாக முடிந்தால் மண்டல அலுவலகத்தில் நிரந்தர வேலை என்றும் சொன்னாள். தான் யாருடைய தம்பி என்று அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்தான் மகராசன்.

விசாரணை அன்று காலை அக்காவுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

“நீதான் வர்றியாமே?” என்றாள்.

“ஆமா.”

“அங்க உன்னை என்னன்னு கூப்பிடறது?”

“சார்னு கூப்பிடு” என்றான்.

அக்கா சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லாதே என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவனுக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. இருவரும் தனித்தனி பஸ்ஸில் போனார்கள்.

ஹோட்டலின் நாலாவது மாடியில் கூட்ட அறை. நீள மேஜை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், கால் புதைகிற கம்பளம். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம், சில சமயம் குறட்டையோடு கேட்பார். இன்னொருவர் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைப்பவர். மூன்றாவது ஒரு பேராசிரியை, அவள் மட்டும் பென்சிலைச் சீவி வைத்திருந்தாள். எதிரே கம்பெனி வக்கீலும் பொறுப்பு மேடமும். அக்கா உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு காவலாளி வந்து, லிஃப்ட் வாசலில் கிடந்தது என்று ஒற்றைச் செருப்பை நீட்டினான். அவள் அதை வாங்கி, காலில் நுழைந்ததா என்று குனிந்து கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஆலோசகர் அந்த நேரத்தில் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

தலைவர் விதியைப் படித்தார். மொழிபெயர்ப்பவர் ‘அவள் சொல்கிறாள்’ என்று சொல்லக் கூடாது. அவள் ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, வாயிலிருந்து வருவது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். துபாஷி சரி என்றான். இருபது நிமிஷம் அக்கா பேசினாள். என் விரல், என் பாதம், என் அடுப்பு, என் வெந்த தோல் என்று இவனும் அவர்கள் பாஷையில் ஒப்பித்தான். தன் அக்காவின் கையைத் தன் கையாகச் சொல்லும்போது மேஜைக்கு அடியில் தன் விரலைக் கிள்ளிக்கொண்டான். திருடனுக்குத் தேள் கொட்டின கதை, யாரிடம் போய் வலிக்கிறது என்பான்?

வக்கீல் எழுந்து பன்னிரண்டாம் தாளைத் தூக்கிக் காட்டினார். உடல்நிலை திருப்தி என்று நீங்களே அன்றைக்குச் சொன்னீர்களே என்றார். துபாஷி அதை அக்காவிடம் சொன்னான்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. “திருப்தின்னு நான் எங்க சொன்னேன்? பரவாயில்லைன்னுதானே சொன்னேன்!”

இவன் வாயைத் திறந்தான். வக்கீல் கையில் சொல்பட்டியல் விரிந்திருந்தது, இவனே செய்த பட்டியல், பரவாயில்லைக்கு நேரே அவர் விரல். அதற்கு மாறாக ஒரு சொல் வந்தால் முப்பத்தெட்டு தாளும் பொய், இவனும் பொய். பயந்தாங்கொள்ளி நாக்கு பழகிய தடத்திலேயே ஓடியது.

“நான் திருப்தி என்று சொல்லவே இல்லை. திருப்தி என்றுதானே சொன்னேன்” என்றான் அவர்கள் பாஷையில்.

ஆலோசகர் சிரித்துவிட்டார். வக்கீல் புன்னகையோடு உட்கார்ந்தார், இதற்கு மேல் கேள்வி கேட்பானேன் என்பதுபோல். நீதிபதியின் மூடிய முகத்தில்கூட ஒரு சிரிப்பு. மூன்று தெரு ஒற்றைச் செருப்போடு நடந்தவளை, பத்து வருஷமாகத் தனக்குச் சோறு போட்டவளை, ஒரு அறை முழுக்க உட்கார்ந்து கோமாளியாகப் பார்த்தது. அப்படி ஆக்கியவன் அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தான். அவனுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஜென்மத்துக்கும் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவன் பக்கம் திரும்பி, “எதுக்குத் தம்பி சிரிக்கிறாங்க?” என்றாள்.

சார் என்று கூப்பிட மறந்துவிட்டாள். அதனால் மோசமில்லை. கடைக்காரனையும் கண்டக்டரையும் தம்பி என்றுதானே கூப்பிடுகிறோம்? இளைஞரே என்று மொழிபெயர்த்தால் போயிற்று. எல்லாரும் இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என் உடன்பிறந்த தம்பியே, இவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள்?” என்றான் துபாஷி.

பேராசிரியையின் பென்சில் நின்றது. உடன்பிறந்த என்றால், பேச்சு வழக்கில் அப்படியா என்று கேட்டாள். பொறுப்பு மேடம் முந்திக்கொண்டு, இங்கே எல்லாரும் எல்லாரையும் அண்ணன் தம்பி என்றுதான் அழைப்பார்கள், மிக அன்பான மக்கள் என்றாள். இத்தனை வருஷத்தில் இந்த மக்களைப் பற்றி அவள் பெருமையாகச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

“பேச்சு வழக்கு இல்லை. இவள் என் அக்கா. ஒரே வயிற்றில் பிறந்தவள்” என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். முப்பத்தெட்டு பேர் கை மரத்தது என்றபோது அசையாத அறை, விதி மீறப்பட்டது என்றதும் துள்ளி எழுந்தது. நீதிபதிக்கு முழு விழிப்பு வந்துவிட்டது. உறவினர் இல்லை என்ற உறுதிமொழித் தாளைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார். அவர் குரல் நடுங்கியது, அவ்வளவு வேதனை! மனுஷி கால் போனால் வாழ்க்கை; காகிதம் கெட்டுப்போனால்தான் அநியாயம். பத்து நிமிஷத்தில் முப்பத்தெட்டு தாளும் செல்லாது என்று தீர்மானம் ஆனது. எல்லாரையும் வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து, ஆலைக்கு வெளியே, மறுபடி விசாரிக்க வேண்டும். பேராசிரியை மட்டும் துபாஷியைப் பார்த்து, அப்படியென்றால் அந்த வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று கேட்டாள். அவர் இப்போது மொழிபெயர்ப்பாளர் இல்லை, பதில் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது என்று நீதிபதி தடுத்துவிட்டார்.

அக்காவும் தம்பியும் லிஃப்ட் வாசலில் நின்றார்கள். என்ன ஆனது என்று அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். உறுதிமொழித் தாளைப் பற்றியும் சொன்னான், சொல்பட்டியலைப் பற்றியும் சொன்னான், கட்டத்தில் டிக் போட்டபோது அந்த இழுப்பு தன் காதில் விழுந்ததையும் சொன்னான். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கையை ஓங்கி அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். காவலாளி திரும்பிப் பார்த்தான்.

“வலிச்சுதாடா?” என்றாள். “எனக்குத் தெரியல.”

அவன் அழுதான். அவள் அழவில்லை. லிஃப்ட் வந்ததும், “ஒரு வருஷம் போச்சுடா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பிடிக்காவிட்டால் அவளால் நிற்க முடியாது.

மறு விசாரணை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. வாசலில் சூப்பர்வைசர் இல்லை. புது மொழிபெயர்ப்பாளர் ஒரு வயதான அம்மாள், இழுப்பைக்கூட எழுதுகிறவள். முப்பத்தெட்டு பேரில் முப்பத்தாறு பேர் கையை மேஜைக்கு மேலே வைத்துப் பேசினார்கள். ஒரு மாதத்தில் நீல டிரம் நின்றது. பழைய ஸ்பிரிட் வந்தது. வைத்தியத்துக்கும் ஏற்பாடு ஆனது. தவறை ஒப்புக்கொண்டு அல்ல, நல்லெண்ணத்தால் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அக்கா வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறாவது வாரம் கட்டை விரலில் குறுகுறு என்று ஏதோ ஓடியது.

அப்புறம் கம்பெனியின் அறிக்கை வந்தது. துபாஷிதான் அக்காவின் வீட்டில், கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் நடுவில் உட்கார்ந்து, ஒரு சொல்கூட விடாமல் நம் பாஷையில் மாற்றிச் சொன்னான். நடந்தவற்றுக்குக் கம்பெனி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. முழுமையான விசாரணைக்குப் பிறகு, தொழிலாளர் நலனுக்கு ஊறு விளைவித்த நபர் அடையாளம் காணப்பட்டு நீக்கப்பட்டதாகத் தெரிவித்தது.

“யாராம் அது?” என்றாள் ஒருத்தி.

“நான்தான்” என்றான்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், இவனும் சிரித்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஒருத்தி சொல்ல, அம்பும் லேசுப்பட்டதில்லை என்று அக்கா வெட்டினாள். நியாயம்தான். அம்புக்கு வேலை போயிற்று. வில்லுக்கு அடுத்த மாதமே, பொறுப்பான நிறுவனம் என்று ஒரு விருது கிடைத்தது.

சிரிப்பு அடங்கியதும் கூடத்துப் பெண் ஒருத்தி தன் போனை நீட்டினாள். ஆலைக் கொட்டகையில் மீந்திருந்த நீல டிரம்களை முந்தாநாள் லாரியில் ஏற்றினார்களாம். குப்பைக்குப் போகிறதாக்கும் என்று நினைத்தவள், ஒவ்வொரு டிரம்மிலும் புதுச் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். துபாஷி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“வேற நாட்டுக்கு அனுப்பறாங்க. அங்கயும் ஒரு ஆலை. கண்ணாடி துடைக்கிற கூடம்னு போட்டிருக்கு.”

கம்பெனியின் அறிக்கை அவன் மடியில் கிடந்தது, வழவழப்பான தாள், கீழே வண்ணத்தில் ஒரு சின்னம். அக்கா தன் கையை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“அங்க இருக்கிறவங்க பாஷை உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா. நம்ம வக்கீலுக்கு எழுதினா, அங்க போய்ச் சேர்ற மாதிரி யாரையாவது பிடிச்சு மாத்தித் தருவாரு.”

“அப்ப பேனாவை எடு.”

எடுத்தான். என்ன எழுத வேண்டும் என்று கேட்டான்.

“கை மரத்துப்போன அன்னைக்கே கத்தச் சொல்லு” என்றாள் அக்கா. “நாங்க ஒரு வருஷம் மரியாதையா இருந்தோம்.”